ஆனியில் ஏறும் விலையும் ஆவணியில் ஏறும் விலையும்

நிலக்கடலை தன் விளைச்சலை மண்ணுக்குள் மறைத்து வைக்கும் பயிர். பூ வெளியில்தான் பூக்கிறது. கருவுற்ற பிறகு அந்தப் பூவின் அடியிலிருந்து மெல்லிய விழுது ஒன்று கிளம்பி, கீழ்நோக்கி வளைந்து, மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கி, இருட்டில் காயாகிறது. புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, கறம்பக்குடிப் பக்கத்துச் செம்மண் நிலங்களில் விதைத்து ஏறக்குறைய நாற்பது நாளில் விழுது இறங்கத் தொடங்கும். அந்த நாட்களில் மேல்மண் காய்ந்து இறுகிவிட்டால் விழுது உள்ளே போகாது. போனாலும் காய் திரளாது, பொக்காகும். அதன்பின் ஒரு மழை பெய்துவிட்டால் இலை மறுபடி பச்சைப் பசேலென்று நிற்கும். வரப்பில் நின்று பார்ப்பவருக்கு நல்ல வெள்ளாமை போலத்தான் தெரியும்.

பல நூறு கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும் செயற்கைக்கோளுக்கும் இதே சிக்கல்தான். இலைப் பச்சையம் எவ்வளவு செழித்திருக்கிறது என்பதை அது சொல்லும். விழுது இறங்கியதா, ஒரு செடிக்கு எத்தனை காய், அதில் எத்தனை பொக்கு என்பதைச் சொல்லாது. அதை அறிய ஒரே வழி, வயலில் இறங்கிச் செடியைப் பிடுங்கிப் பார்ப்பது. உழவர் பிடுங்கிப் பார்க்கிறார். வியாபாரியும் பார்க்கிறார். அவர்கள் பார்த்ததை எந்தப் படிவத்திலும் எழுதுவதில்லை. ஆனாலும் அந்தத் தகவல் அடுத்த சில நாட்களில் ஓர் எண்ணாக வெளியே வந்துவிடுகிறது. அந்த எண்தான் விலை.

விலை விளைச்சலைப் பின்தொடர்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். நிறைய விளைந்தால் இறங்கும், குறைவாக விளைந்தால் ஏறும். நான் வியக்கும் செய்தி அதற்கு ஒரு படி முந்தையது. விளைச்சல் இன்னும் மண்ணுக்குள் இருக்கும்போதே, அறுவடைக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பே, விலை அதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிடுகிறது. அந்தப் பேச்சைக் கேட்கக் கற்றுக்கொண்டால் ஒரு நாட்டின் மொத்த அறுவடையை முன்கூட்டியே கணிக்க முடியுமா என்று பொருளியலாளர்களும் புள்ளியியலாளர்களும் நீண்ட காலமாக முயன்று வருகிறார்கள்.

எப்படி முன்பே தெரிகிறது என்பதை ஆவணி மாதத்துப் புதுக்கோட்டைக் கடைத்தெருவில் வைத்துப் பார்ப்போம். ஒரு வியாபாரியிடம் சென்ற பட்டத்து நிலக்கடலை நூறு மூட்டை இருப்பு இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அதை இன்று விற்பதா, ஐப்பசி வரை வைத்திருப்பதா என்பதை அவர் தினமும் முடிவு செய்கிறார். வைத்திருந்தால் கிடங்கு வாடகை, முதலுக்கு வட்டி, எடை வற்றுதல், பூச்சி என்று செலவு உண்டு. ஐப்பசியில் புதுக்கடலை வந்து குவியும் என்று நம்பினால் இன்றே தள்ளிவிடுவார். இந்த நேரத்தில் குஜராத்தின் சௌராஷ்டிரப் பகுதியில் மூன்று வாரமாக மழை இல்லை என்று ஒரு செய்தி வருகிறது. நாட்டின் நிலக்கடலையில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குஜராத்தில் விளைகிறது. ராஜ்கோட்டிலும் கோண்டலிலும் எண்ணெய் ஆலைக்காரர்கள் உஷாராகிறார்கள். கையிருப்பு வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பொறுக்கிறார்கள். பொறுத்ததால் சந்தைக்கு வரும் மூட்டை குறைகிறது. வரத்து குறைந்ததால் இன்றைய விலை ஏறுகிறது. ஐப்பசியில் வரப்போகும் பற்றாக்குறையை, ஆவணியில் இருக்கும் பழைய கடலை முன்கூட்டியே சொல்லிவிட்டது.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த வாரம் ஆலங்குடியில் நல்ல மழை பெய்திருக்கலாம். இங்கே பயிர் செழிப்பாக இருக்கலாம். ஆனாலும் இங்கே விலை ஏறும். ஆலங்குடியில் கேட்கும் விலையில் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் பெய்யாத மழை கலந்திருக்கிறது. உள்ளூர் விலை உள்ளூர்ச் செய்தி மட்டுமல்ல என்பதால்தான் அதைக் கொண்டு நாடு முழுவதற்குமான அறுவடையைக் கணிக்க இடம் கிடைக்கிறது.

இந்த யோசனை பழையது. 1699இல் இங்கிலாந்தின் பொருளியலாளர் சார்லஸ் டேவனன்ட் ஒரு சிறிய அட்டவணையை வெளியிட்டார். கிரிகரி கிங் என்பவரின் கணக்கு அதற்கு அடிப்படை என்று கருதுகிறார்கள். தானிய விளைச்சல் வழக்கத்தைவிடப் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விலை பத்தில் மூன்று பங்கு ஏறும். பத்தில் இரண்டு குறைந்தால் எட்டு. மூன்று குறைந்தால் பதினாறு. நான்குக்கு இருபத்தெட்டு. பாதி விளைச்சல் போனால் விலை பத்தில் நாற்பத்தைந்து பங்கு, அதாவது நாலரை மடங்கு கூடுதலாகும். பற்றாக்குறை சீராக வளர, விலை தாவித் தாவி ஏறுகிறது. சோறில்லாமல் இருக்க முடியாது என்பதால், கடைசிப் படிக்கு மனிதர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கிறார்கள் என்பதே அதற்குக் காரணம். இந்த அட்டவணையை வலமிருந்து இடமாகப் படித்துப் பாருங்கள். விலை முப்பது விழுக்காடு ஏறியிருந்தால் விளைச்சல் பத்து விழுக்காடு குறைந்திருக்க வேண்டும். விலையைக் கொண்டு விளைச்சலைக் கணிக்கும் கருவியின் முதல் வரைபடம் அதுதான்.

ஆனால் அந்தக் கருவி இந்த மண்ணில் அப்படியே வேலை செய்யாது. அதற்குள் ஒரு பெரிய பொறி இருக்கிறது. அதுதான் இந்தக் கட்டுரையின் நடுப்பொருள்.

விலை ஏறினால் விளைச்சல் குறையப் போகிறது என்று பொருளா? ஆவணியில் ஏறினால் ஆமாம். ஆனியில் ஏறினால் பெரும்பாலும் நேர்மாறு. ஆனித் தொடக்கத்தில் வட இந்திய உழவர் பெரும்பாலும் இன்னும் விதைத்திருக்க மாட்டார். எதை விதைப்பது என்று யோசித்துக்கொண்டிருக்கிறார். அந்த நேரத்தில் ஒரு பயிரின் விலை உச்சத்தில் இருந்தால் அதைத்தான் கூடுதல் ஏக்கரில் போடுவார். ஆகவே விதைப்புக்கு முன் ஏறிய விலை, ‘விளைச்சல் பெருகும்’ என்று சொல்கிறது. விதைத்து முடித்தபின் ஏக்கர் மாறாது. அதன்பின் மாறக்கூடியது மழையும் நோயும் பூச்சியும்தான். எனவே விதைப்புக்குப் பின் ஏறும் விலை, ‘விளைச்சல் சுருங்கும்’ என்று சொல்கிறது. ஒரே பொருள், ஒரே சந்தை, ஒரே அளவு ஏற்றம். நடுவில் விதைப்பு என்ற ஒரு கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு பொருள், அந்தப் பக்கம் எதிர்ப்பொருள். மாதத்தைப் பார்க்காமல் விலையை மட்டும் பார்ப்பவர் இரண்டையும் குழப்பிக்கொள்வார். நாளிதழ்களில் விலை பற்றி வரும் செய்திகளில் பெரும்பாலும் இந்தக் குழப்பத்தைக் காண்கிறேன்.

ஆனிப் பக்கத்துக்கு நம் நாட்டிலேயே மறக்க முடியாத சான்று உண்டு. 2014, 2015 என்று அடுத்தடுத்து இரண்டு ஆண்டு பருவமழை பொய்த்தது. 2015 அக்டோபரில் சில நகரங்களில் ஒரு கிலோ துவரம்பருப்பு 200 ரூபாயைத் தொட்டது. அந்த விலையின் சூடு தணியும் முன்பே 2016இன் விதைப்புக் காலம் வந்தது. 2015-16இல் சுமார் 39.6 லட்சம் ஹெக்டேராக இருந்த துவரைப் பரப்பு அடுத்த ஆண்டு 53 லட்சம் ஹெக்டேரைத் தாண்டியது. மழையும் ஒத்துழைத்தது. உற்பத்தி 25.6 லட்சம் டன்னிலிருந்து 48.7 லட்சம் டன்னுக்குப் போனது. 2016 ஆனியில் துவரை விலையைப் பார்த்த எவரும், துல்லியமான எண்ணைச் சொல்ல முடியாவிட்டாலும், திசையைச் சொல்லியிருக்க முடியும். அந்தத் திசையை உழவர்களுக்கு உரக்கச் சொல்ல ஆளில்லை. 2017 தொடக்கத்தில் துவரை விலை, அரசு அறிவித்திருந்த ஆதரவு விலையான குவிண்டாலுக்கு 5,050 ரூபாய்க்கும் கீழே விழுந்தது. முந்தைய ஆண்டின் விலையை நம்பி விதைத்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்ததுதான் காரணம்.

ஏழை உழவர் விலையைப் பார்த்துப் பயிரை மாற்ற மாட்டார், தாத்தா செய்ததையே செய்வார் என்று ஒரு காலத்தில் படித்தவர்கள் பலர் நம்பினார்கள். அமெரிக்கப் பொருளியலாளர் மார்க் நெர்லோவ் 1958இல், விலை எதிர்பார்ப்பு விதைப்புப் பரப்பை எப்படி மாற்றுகிறது என்று கணக்கிடும் முறையைத் தந்தார். அந்த முறையைக் கொண்டு இந்தியப் பொருளியலாளர் ராஜ் கிருஷ்ணா, விடுதலைக்கு முந்தைய பஞ்சாபின் பயிர்க் கணக்குகளை ஆராய்ந்து 1963இல் எழுதிய கட்டுரை அந்த நம்பிக்கையை உடைத்தது. பஞ்சாப் உழவர்கள் விலைக்கு நன்றாகவே செவிசாய்த்திருந்தார்கள். நம் ஊர் உழவரை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ஆனால் எண்களால் அது நிறுவப்பட்டபின்தான் விலையை வைத்து அறுவடையைக் கணிப்பதற்கு அறிவியல் மதிப்பு வந்தது.

நிலக்கடலையில் மட்டும் ஒரு முரண் உண்டு. அதன் விதையும் விளைபொருளும் ஒன்றே. ஏக்கருக்குச் சுமார் 50 கிலோ பருப்பு விதைக்கு வேண்டும். நெல்லையோ உளுந்தையோ விட இது பன்மடங்கு பெரிய விதைச் செலவு. விதைப்புக்கு முன் கடலை விலை ஏறினால், நல்ல காசு வரும் என்ற ஆசையும் வளர்கிறது, விதை வாங்கும் கடனும் வளர்கிறது. ஆசை ஏக்கரைக் கூட்டுகிறது, கடன் குறைக்கிறது. ஆகவே துவரையில் உரத்த குரலில் கேட்கும் ஆனிச் செய்தி, கடலையில் மங்கலாகவே கேட்கிறது. இதுபோன்ற உள்விவரம் தெரியாமல் எல்லாப் பயிருக்கும் ஒரே சூத்திரம் போடுபவர்கள் ஏமாந்து போவார்கள்.

இனி ஆவணிப் பக்கம். அதற்கு உலகம் அறிந்த சான்று ஆரஞ்சுப் பழச்சாறு. அமெரிக்கப் பொருளியலாளர் ரிச்சர்ட் ரோல் 1984இல் எழுதிய கட்டுரை அது. உறைய வைத்த செறிவான ஆரஞ்சுச் சாற்றுக்காக அமெரிக்காவில் விளையும் பழத்தில் ஏறக்குறைய எல்லாமே ஃபுளோரிடாவின் நடுப்பகுதியில்தான் விளைந்தது. ஒரே ஓர் உறைபனி இரவு போதும், பழம் கெட்டுவிடும். அந்தச் சாற்றின் முன்பேர விலை, அதாவது பின்னாளில் தரப்போகும் சாற்றுக்கு இன்றே பேசும் விலை, நியூயார்க்கில் தினமும் நிர்ணயமாகும். அந்த விலை அசைவை ரோல், வானிலைத் துறையின் முன்னறிவிப்போடு ஒப்பிட்டார். மாலையில் துறை சொன்ன குறைந்தபட்ச வெப்பநிலைக்கும் இரவில் உண்மையில் நிலவிய வெப்பநிலைக்கும் இடையில் வந்த பிழையை, அன்று பிற்பகலில் முடிந்த விலையே ஓரளவு முன்கூட்டிக் காட்டியிருந்தது. வெப்பமானி பார்ப்பவர்கள் சொன்னதற்கு மேலாக ஒரு துணுக்குச் செய்தி பணம் போட்டவர்களின் கூட்டத்திடம் இருந்தது.

அந்தக் கட்டுரையின் மறுபாதியைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள். விலையின் தினசரி அசைவில் மிகச் சிறிய பகுதியைத்தான் வானிலையால் விளக்க முடிகிறது என்பதையும் ரோல் கண்டார். மீதி எதனால் அசைகிறது என்பது அவருக்கே பிடிபடவில்லை. விலைக்குள் உண்மை இருக்கிறது. அதோடு இரைச்சலும் நிறைய இருக்கிறது. விலையை வைத்து விளைச்சலைக் கணிக்கும் வேலை முழுவதும் அந்த இரைச்சலைக் கழிக்கும் வேலைதான்.

அதை எப்படிக் கழிக்கிறார்கள்? முதலில் பணவீக்கத்தை நீக்குகிறார்கள். பத்து ஆண்டுக்கு முந்தைய ரூபாயும் இன்றைய ரூபாயும் ஒன்றல்ல. அடுத்தது பருவ ஏற்ற இறக்கம். எந்த ஆண்டானாலும் அறுவடை முடிந்ததும் விலை தாழ்ந்தும், அடுத்த அறுவடைக்கு முந்தைய மாதங்களில் உயர்ந்தும் இருக்கும். ஆவணியில் விலை ஏறியிருக்கிறது என்பது செய்தியே அல்ல. வழக்கமான ஆவணி ஏற்றத்தைவிடக் கூடுதலாக ஏறியிருக்கிறதா என்பதே கேள்வி. பிறகு ஒரு சந்தையை மட்டும் பார்க்காமல் நாடெங்கும் உள்ள சந்தைகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். புதுக்கோட்டையில் மட்டும் விலை ஏறினால் லாரி வேலைநிறுத்தமாக இருக்கலாம், ஒரு பெரிய ஆலை அவசரமாகக் கொள்முதல் செய்வதாக இருக்கலாம். புதுக்கோட்டை, திண்டிவனம், கர்நூல், ராஜ்கோட், பிகானேர் எல்லாம் ஒரே வாரத்தில் ஒரே பக்கம் சாய்ந்தால் அது நாட்டுச் செய்தி. கடைசியாக, பழைய ஆண்டுகளில் இப்படி மிஞ்சிய ஏற்றத்துக்குப்பின் அறுவடை எவ்வளவு வந்தது என்று பொருத்திப் பார்த்து உறவைக் கணக்கிடுகிறார்கள். அந்தக் கணக்கு சரியா என்று சோதிக்க ஓர் ஆண்டை மறைத்து வைத்துவிட்டு, மற்ற ஆண்டுகளை மட்டும் கொண்டு அதைக் கணிக்கச் சொல்கிறார்கள். மறைத்த ஆண்டைச் சரியாகச் சொல்லும் கணக்குக்குத்தான் மதிப்பு. நடந்து முடிந்ததற்குப் பொருந்துமாறு சூத்திரம் செய்வது யாருக்கும் எளிது.

இத்தனை பாடு ஏன்? அறுவடையை அளக்க நம்மிடம் நல்ல முறை ஏற்கெனவே இருக்கிறதே என்று கேட்கலாம். இருக்கிறது, பெருமைப்படத்தக்க முறை. ஆங்கிலேயர் காலத்தில் பயிர் நிலையைக் கண்ணால் பார்த்து அணாக் கணக்கில் சொல்வார்கள். அந்தக் கண் மதிப்பீட்டை நம்ப முடியாது என்று காட்டி, சீரற்ற முறையில் வயல்களைத் தேர்ந்து, அளந்து, அறுத்து, எடைபோடும் வழியைப் புள்ளியியலாளர்கள் மகலனோபிஸும் பி.வி. சுகாத்மேயும் 1930களிலும் 40களிலும் நிலைநாட்டினார்கள். இன்றும் புதுக்கோட்டையின் கிராமங்களில் புள்ளியியல் துறையினர் குலுக்கல் முறையில் கிடைத்த சர்வே எண்ணைத் தேடிப் போய், ஐந்து மீட்டருக்கு ஐந்து மீட்டர் கயிறு கட்டி, அதற்குள் இருப்பதை அறுத்து எடைபோடுகிறார்கள். பரப்பு விவரம் கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் இருந்து வருகிறது. இரண்டையும் பெருக்கினால் விளைச்சல். உலகின் மிகப் பெரிய வேளாண் அளவைகளில் இது ஒன்று.

ஆனால் அறுத்து எடைபோட, பயிர் முதலில் விளைந்திருக்க வேண்டும். ஆகவே இந்த முறை எப்போதும் அறுவடையோடோ அதற்குப் பின்னரோதான் பேசும். அதற்கு முன் மத்திய அரசு வெளியிடும் முன்மதிப்பீடுகள், மாநிலங்கள் அனுப்பும் தொடக்கக் கணிப்பு, மழை, செயற்கைக்கோள் படங்கள் ஆகியவற்றைச் சார்ந்தவை. டெல்லியில் 2012இல் தொடங்கிய, மகலனோபிஸ் பெயர் தாங்கிய தேசியப் பயிர்க் கணிப்பு மையம் இந்தச் செயற்கைக்கோள் வேலையைச் செய்கிறது. விளைச்சலை மண்ணுக்குள் மறைக்கும் பயிரிடம் அதன் எல்லை எது என்று தொடக்கத்திலேயே பார்த்தோம்.

முன்மதிப்பீடு ஒன்றைச் சொல்ல, சந்தை வேறொன்றைச் சொன்ன அண்மைக் கதை 2022 கோதுமை. அந்த ஆண்டு பிப்ரவரியில் வெளியான மதிப்பீடு 11.13 கோடி டன் என்றது. மார்ச்சில் வெயில் கொளுத்தியது. 1901க்குப்பின் இந்தியா கண்ட மிக வெப்பமான மார்ச் அது. பால்பிடிக்கும் நேரத்தில் சூடு தாக்கினால் கோதுமை மணி சுருங்கிவிடும். கதிர் நிமிர்ந்தே நிற்கும், மணிதான் சிறுத்திருக்கும். அரசு விலை குவிண்டாலுக்கு 2,015 ரூபாய். சந்தையில் தனியார் வியாபாரிகள் அதைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கத் தொடங்கினார்கள். முந்தைய ஆண்டு 433 லட்சம் டன் கொள்முதல் செய்த அரசுக்கு அந்த ஆண்டு 188 லட்சம் டன்தான் கிடைத்தது. மே 13 அன்று ஏற்றுமதிக்குத் தடை வந்தது. அதே மாதம் வெளியான அடுத்த மதிப்பீடு 10.64 கோடி டன்னாக இறங்கியது. கணக்கு கீழே வருவதற்கு முன்பே விலை மேலே போயிருந்தது.

இருந்தாலும் அதைச் சந்தையின் தனி வெற்றியாக நான் சொல்ல மாட்டேன். அந்த பிப்ரவரி 24 அன்றுதான் ரஷ்யா உக்ரைன் மீது போர் தொடுத்தது. கருங்கடல் வழியாக வரும் கோதுமை நின்று உலக விலை துள்ளியது. நம் சந்தை விலைக்குள் ஹரியானாவின் வெயிலும் இருந்தது, கருங்கடலின் போரும் இருந்தது. எது எவ்வளவு என்று அந்த நேரத்தில் பிரிப்பது எளிதல்ல. உலக விலையைத் தனியாகக் கழித்துப் பார்த்தால்தான் உள்நாட்டுச் செய்தி தெரியும்.

புதுக்கோட்டைப் பயிர்கள் ஒவ்வொன்றுக்கும் இப்படி ஒரு வெளிக்குரல் உண்டு. நிலக்கடலை எண்ணெய்வித்து, நாம் உண்ணும் சமையல் எண்ணெயில் பாதிக்கும் மேல் இறக்குமதி. மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் பனை எண்ணெய் விலை அசைந்தால் ஆலங்குடிக் கடலையும் கொஞ்சம் அசையும். உளுந்துக்கு மியான்மர். ஆலங்குடியை அடுத்த வம்பனில் இருக்கும் தேசியப் பயறு ஆராய்ச்சி மையம் வம்பன் 8, வம்பன் 11 என்று நல்ல உளுந்து இரகங்களைத் தந்திருக்கிறது. ஆனால் அந்த உளுந்து சந்தைக்கு வரும்போது என்ன விலை போகும் என்பதில் மியான்மரிலிருந்து சென்னைத் துறைமுகத்தில் இறங்கும் உளுந்துக்கும் பங்குண்டு. இந்த மாவட்டத்தின் ராயவரத்திலும் கோனாபட்டிலும் வாழ்ந்த நகரத்தார் ஒரு நூற்றாண்டுக்கு முன் பர்மாவின் நெல் விளைச்சலுக்குக் கடன் கொடுத்துத் தொழில் செய்தவர்கள். ஐராவதி ஆற்றுப் படுகையின் வெள்ளாமை எப்படி என்பது இந்த ஊர்களுக்கு அன்றும் வீட்டுச் செய்தியாக இருந்தது.

நெல் வேறு வகை. கல்லணைக் கால்வாயின் கடைமடையான அறந்தாங்கிப் பக்கத்தில் விளைந்த நெல், நேரடிக் கொள்முதல் நிலையத்தில் அரசு அறிவித்த விலைக்குப் போகிறது. விலை அறிவிக்கப்பட்ட இடத்தில் விலைக்குப் பேச்சில்லை. அது விளைச்சலைப் பற்றி எதையும் சொல்லாது. உழவருக்கு அந்த விலை வேண்டும், அதில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் கணிப்பவர் நெல்லை விட்டுவிட்டுக் கடலை, உளுந்து, எள் பக்கம்தான் காதைத் திருப்ப வேண்டும். முன்பேரச் சந்தையிலும் இந்தியாவில் குரல் குறைந்துவிட்டது. துவரைக்கும் உளுந்துக்கும் 2007இலேயே முன்பேர வணிகம் நிறுத்தப்பட்டது. 2021 டிசம்பரில் கோதுமை, கொண்டைக்கடலை, சோயா உள்ளிட்ட ஏழு பொருட்களுக்கு நிறுத்தி, அந்தத் தடையைப் பலமுறை நீட்டித்தார்கள். எனவே நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் அன்றாடச் சந்தை விலைதான்.

விலையைத் தவறாகப் படித்தால் உயிரே போகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது. 1876 முதல் 78 வரை சென்னை மாகாணத்தை அழித்த தாது வருடப் பஞ்சத்துக்குப்பின் அமைந்த பஞ்ச ஆணையம் 1880இல் அறிக்கை தந்தது. அதன்வழி உருவான பஞ்ச விதிகளில் தானிய விலை ஏற்றம் ஓர் அபாய அறிகுறியாக இடம்பெற்றது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் 1943 வங்காளப் பஞ்சத்தில் அரிசி விலை பல மடங்கு ஏறியபோது நடந்தது வேறு. டேவனன்ட் அட்டவணைப்படி அந்த விலைக்குப் பாதி விளைச்சல் அழிந்திருக்க வேண்டும். பொருளியலாளர் அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் காட்டிய கணக்கு, 1943இல் கிடைத்த தானியம் அதற்கு முந்தைய ஐந்தாண்டுச் சராசரியைவிட ஐந்து விழுக்காடு அளவில்தான் குறைவு என்றது. பஞ்சமே இல்லாத 1941ஐவிட அது அதிகம்கூட. போர்க்காலச் செலவும் பீதியும் பதுக்கலும் விலையை ஏற்றின. வாங்கும் சக்தி இல்லாத கூலிகளும் மீனவர்களும் இறந்தார்கள். சென்னின் கணக்கோடு மாறுபடுபவர்களும் உண்டு. ஆனால் விலை ஏற்றம் எப்போதும் விளைச்சல் குறைவையே காட்டுகிறது என்று இனி எவரும் கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாது. விலைக்குள் பயமும் இருக்கிறது.

இன்னொரு எல்லை நம் மாவட்டத்துக்கே நேரடியாகப் பொருந்தும். நாட்டு விலை நாட்டு அறுவடையைத்தான் சொல்லும். ஓர் ஊரின் துயரத்தைச் சொல்லாது. 2016ஐ மறுபடி பாருங்கள். நாடு முழுவதும் பயறு வகைகள் வரலாறு காணாத அளவு, ஏறக்குறைய 2.3 கோடி டன், விளைந்த ஆண்டு அது. அதே ஆண்டு தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை அறுபது விழுக்காட்டுக்கும் மேல் பொய்த்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அரசு அறிவித்தது. புதுக்கோட்டையின் ஏரி, கண்மாய்கள் வறண்டன. இங்கே விளைச்சல் இல்லை. ஆனால் வடக்கே கொட்டிக் கிடந்ததால் உளுந்து, துவரை விலைகள் முந்தைய ஆண்டின் உச்சத்திலிருந்து இறங்கியிருந்தன. விளையவில்லையே, விலையாவது ஏறும் என்ற ஆறுதலும் கிடைக்கவில்லை. விலையை மட்டும் பார்த்த ஒரு கணினி அந்த ஆண்டு, ‘எல்லாம் நலம்’ என்றுதான் சொல்லியிருக்கும். அதனால்தான் பயிர்க் காப்பீட்டுக்கும் நிவாரணத்துக்கும் கயிறு கட்டி அறுத்து எடைபோடும் வேலையை விலைக் கணிப்பால் மாற்ற முடியாது, மாற்றவும் கூடாது.

தமிழ்நாட்டில் இப்போது நடப்பது பெரும்பாலும் எதிர்த்திசையில் போகும் கணிப்பு. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் சந்தை ஆய்வுக் குழு, பல ஆண்டு விலைகளையும் நாட்டின் விளைச்சல் நிலையையும் ஆராய்ந்து, விதைப்புக்கு முன் அறுவடைக் கால விலை இவ்வளவு இருக்கலாம் என்று அறிவிக்கிறது. நிலக்கடலைக்குப் பெரும்பாலும் திருப்பூர் மாவட்டம் சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தின் விலைகள் அடிப்படையாகின்றன. உழவருக்கு வேண்டிய பணிதான். அதோடு மறுதிசைக் கணிப்பையும் சேர்த்தால் புதுக்கோட்டை உழவருக்குக் கூடுதல் பலன் உண்டு. காரணம், அவருடைய காலண்டர். வடநாட்டுக் காரிஃப் கடலை ஐப்பசி, கார்த்திகையில் சந்தைக்கு வருகிறது. இங்கே இறவைக் கடலையை மார்கழிப் பட்டத்தில் விதைக்கிறார்கள். ஆகவே ஆவணி, புரட்டாசி விலைகள் சொல்லும் நாட்டு அறுவடைச் செய்தி, மார்கழியில் எத்தனை ஏக்கர் போடலாம் என்று அவர் முடிவு செய்வதற்கு மூன்று மாதம் முன்பே கைக்குக் கிடைக்கும். சௌராஷ்டிர உழவருக்கு இல்லாத வசதி இது.

அதற்குத் தேவை, விலை பதிவாவது. 2000இல் தொடங்கிய அக்மார்க்நெட் தளத்திலும், 2016 ஏப்ரலில் தொடங்கிய இ-நாம் மின்னணுச் சந்தையிலும் நாடெங்கும் உள்ள கூடங்களின் அன்றாட விலையும் வரத்தும் ஏறுகின்றன. ஆனால் நம் பக்கத்துக் கடலையில் எவ்வளவோ வயலிலேயே வியாபாரியிடம் போய்விடுகிறது, அல்லது கமிஷன் மண்டியில் துண்டுச் சீட்டோடு முடிந்துவிடுகிறது. செடியைப் பிடுங்கிப் பார்த்து, காயை எண்ணி, பேரம் பேசி, இரண்டு அனுபவசாலிகள் சேர்ந்து கண்டுபிடித்த விலை எந்தக் கணக்கிலும் ஏறாமல் மறைந்துபோகிறது. பதிவாகாத விலையைக் கொண்டு எந்தப் பேராசிரியரும் எதையும் கணிக்க முடியாது.

எனவே மாவட்ட நிர்வாகத்துக்கும் வேளாண் வணிகத் துறைக்கும் ஒரு வேண்டுகோள்: விற்பனைக்கூடத்துக்கு வெளியே நடக்கும் விற்பனையின் விலையையும் வாரம் ஒருமுறை ஊர் ஊராகக் கேட்டுப் பதிவு செய்யுங்கள், பயிர் மதிப்பீடு செய்யும் புள்ளியியல் துறையின் மேசைக்கு அந்தப் பட்டியல் போகட்டும். உழவர்களுக்கும் ஒன்று: முடிந்த அளவு மூட்டைகளை விற்பனைக்கூட ஏலத்துக்குக் கொண்டு செல்லுங்கள், முடியாதபோது விற்ற தேதி, எடை, விலை மூன்றையும் எழுதி வையுங்கள். விலை ஏறிவிட்டது என்று யாராவது சொன்னால், அது விதைப்புக்கு முன் ஏறியதா, பின் ஏறியதா என்று முதலில் கேளுங்கள்.